தன்னார்வலர்களே நடத்தும் ஊர் அருங்காட்சியகம்: எதில் தொடங்குவது?

கேள்வி இது. ஓர் ஊரின் வரலாற்றுப் பொருள்களை இரண்டு அறைகளில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சம்பளத்துக்கு ஆள் கிடையாது. பத்துப் பன்னிரண்டு தன்னார்வலர்கள் முறைபோட்டுத் திறந்து பார்த்துக்கொள்கிறார்கள். பொருள்கள் வந்துகொண்டே இருக்கின்றன, 600 வரை சேர்ந்துவிட்டன. இப்போது கொஞ்சம் பணம் வந்திருக்கிறது. நல்ல காட்சிப்பெட்டிகள் வாங்குவதா, எல்லாவற்றையும் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுவதா?

இரண்டும் பிறகு. முதலில் தடித்த அட்டை போட்டுத் தைத்த பதிவேடு ஒன்று வாங்குங்கள். பணத்தில் மிகச் சிறிய பங்குதான் இதற்கு ஆகும். ஆனால் உங்களிடம் இருப்பது அருங்காட்சியகமா, பழைய சாமான்கள் அடுக்கிய அறையா என்பதை முடிவு செய்வது அதுதான்.

ஓர் இழைப்புளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் போல நூறு இழைப்புளிகள் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். இன்ன தெருப் பட்டறையில் மூன்று தலைமுறை கைமாறியது, ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கதவுகளை இழைத்தது இதுதான் என்ற செய்தி கூடவே இருந்தால்தான் அது ஊர் வரலாறு. அந்தச் செய்தி ஒருவருடைய ஞாபகத்தில் மட்டும் இருந்தால், அவர் வரவு நின்ற நாளில் அதுவும் நின்றுவிடும். தன்னார்வலர்கள் மாறிக்கொண்டேதான் இருப்பார்கள். பொருள்களைக் கெடுப்பவை எவை என்று கனேடியன் கன்சர்வேஷன் இன்ஸ்டிடியூட் பத்துக் காரணிகளை வகுத்திருக்கிறது. அடியும் அதிர்வும், திருட்டு, தீ, நீர், பூச்சி, மாசு, ஒளி, ஒவ்வாத வெப்பம், ஒவ்வாத ஈரப்பதம் என்று நமக்குத் தெரிந்தவற்றோடு, பொருளும் அதன் தகவலும் பிரிந்துபோவதும் தனி ஒரு காரணியாக அதில் இருக்கிறது. சிறிய அருங்காட்சியகங்களில் இந்த வழியிலும் பெரிய இழப்பு நேர்கிறது. தீயைப் போல அது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் யாரும் பதறுவதும் இல்லை.

பதிவேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சேர்க்கை எண். உலகெங்கும் பரவலாக உள்ள முறை மூன்று பகுதி கொண்டது: ஆண்டு, அந்த ஆண்டில் வந்த எத்தனையாவது நன்கொடை, அந்த நன்கொடையில் எத்தனையாவது பொருள். 2024.7.3 என்றால் 2024-ல் ஏழாவதாக வந்த நன்கொடையின் மூன்றாவது பொருள். மூடியுள்ள பானை போன்றவற்றுக்கு 2024.7.3அ, 2024.7.3ஆ என்று உறுப்புகளைப் பிரிக்கலாம். எண்ணுக்குள் வேறு எந்த அர்த்தத்தையும் நுழைக்காதீர்கள். துணிக்கு 'து', ஆவணத்துக்கு 'ஆ' என்று ஆரம்பித்தால், துணியால் அட்டை போட்ட ஆவணம் வரும்போது சண்டை வரும். ஒரு பொருள் தொலைந்தாலும் நீக்கப்பட்டாலும் அதன் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கவே கூடாது.

எண்ணுக்கு எதிரே எழுத வேண்டியவை: பெற்ற நாள், யாரிடமிருந்து, நன்கொடையா விலையா உயிலா, பொருளின் பெயர், எதனால் ஆனது, அளவு, வரும்போதே இருந்த சேதம், அதன் கதை, எழுதியவர் கையொப்பம். பொருள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் பதிவேட்டில் எழுதாதீர்கள். இடம் மாறும், பதிவேடு மாறக் கூடாது. இடத்துக்குத் தனி அட்டையோ கணினி அட்டவணையோ போதும். வெளிச்சத்திலும் ஈரத்திலும் அழியாத நிறமி மையால் எழுதுங்கள். தவறினால் ஒற்றைக் கோடு அடித்துச் சுருக்கொப்பம் இடுங்கள். வெள்ளைத் திரவம் பூசி மறைத்த பதிவேட்டை யாரும் நம்ப மாட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பதிவேட்டையும் நகலெடுத்துக் கட்டடத்துக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே உள்ள 600 பொருள்களின் கதை வேறு. அவை எப்போது வந்தன என்று ஊகித்துப் பழைய ஆண்டு எண் போட வேண்டாம். எண்ணே இல்லாதவற்றுக்கு இந்த ஆண்டின் எண்ணைக் கொடுத்து, வந்த வழியைக் குறிக்கும் இடத்தில் 'சேகரிப்பில் காணப்பட்டது' என்று எழுதுங்கள். பழைய துண்டுச்சீட்டு, கயிற்றில் கட்டிய பெயர், பெட்டி மேல் கிறுக்கல் எதுவானாலும் அப்படியே பார்த்து எழுதிவிட்டு, சீட்டை அந்த எண்ணின் கோப்பில் வையுங்கள். குப்பை என்று தூக்கி எறிந்த சீட்டில்தான் கொடுத்தவர் பெயர் இருந்திருக்கும்.

முழு விவரமும் சேர்த்த பிறகுதான் அடுத்த பொருள் என்று போனால் மூன்றாவது மாதத்தில் வேலை நின்றுவிடும். முதல் சுற்றில் எண், ஒரு வரி விவரம், இருக்கும் இடம், ஒரு கைப்பேசிப் படம், இவ்வளவுதான். இருவராக உட்காருங்கள்: ஒருவர் பொருளைக் கையாள, மற்றவர் எழுத. ஒருவரே இரண்டையும் செய்தால் பொருள் கை நழுவும், அல்லது எண் தவறும். மூன்று மணி நேரத்தில் 20 பொருள்கள் முடிந்தால் நல்ல வேகம். அப்படியானால் 600-க்கு 30 அமர்வுகள்; வாரம் ஒன்று என்றாலும் ஏழெட்டு மாதம். கதை சேர்ப்பது இரண்டாம் சுற்று. ஆனால் கொடுத்தவர் முதியவராக இருந்து, நேரில் கேட்க வாய்ப்பு இருந்தால், வரிசையை மீறி அவரிடம் முதலில் போங்கள்.

இடக் குறியீடு எளிதாக இருக்கட்டும். அறை, அலமாரி, தட்டு: 'ஆ-3-2' என்றால் இரண்டாம் அறை, மூன்றாம் அலமாரி, இரண்டாம் தட்டு. காட்சிக்கு எடுத்த பொருளின் இடத்தில் எண், தேதி, எடுத்தவர் பெயர் எழுதிய அட்டை ஒன்றை வைத்துவிட்டு எடுக்க வேண்டும். இதற்கு விலக்கு யாருக்கும் இல்லை, தலைவருக்கும் இல்லை. பிரிட்டனின் கலெக்‌ஷன்ஸ் டிரஸ்ட் வெளியிடும் ஸ்பெக்ட்ரம் என்ற நடைமுறைத் தரம் 1994-ல் முதலில் வந்தது. அதன் நடைமுறைகளில் ஒன்பதைத்தான் அடிப்படை என்கிறார்கள்: பொருள் உள்ளே வருதல், சேர்த்தல், இடமாற்றம், கணக்கெடுப்பு, விவரப்பட்டியல், வெளியே போதல், இரவல் வாங்குதல், இரவல் கொடுத்தல், பதிவு வேலைக்கான திட்டம். இந்த ஒன்பதில் காட்சிப்பெட்டி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பெயரில் ஒரு சிக்கல் வரும். ஒருவர் லாந்தர் என்று எழுதுவார், இன்னொருவர் அரிக்கேன் விளக்கு என்று எழுதுவார், மூன்றாமவர் ராந்தல் என்பார். கணினியில் தேடினால் மூன்றில் ஒன்றுதான் அகப்படும். இரண்டு பக்கச் சொல்பட்டியல் ஒன்றை வைத்து, 'லாந்தர் என்று எழுதுக. பிற பெயர்கள் இவை' என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கொடுத்தவர் சொன்ன பெயரைத் தனிக் கட்டத்தில் அப்படியே வையுங்கள்; அந்தப் பெயரும் வரலாறுதான்.

இனி எண்ணைப் பொருளின் மேல் எழுதுவது. அதிகம் பேர் தவறும் இடம் இது. எண் தானாக உதிரக் கூடாது, வேண்டும்போது சேதமில்லாமல் நீக்கவும் முடிய வேண்டும். மண்பாண்டம், கண்ணாடி போன்ற கெட்டியான, உறுதியான பரப்புகளுக்குப் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரைத்துப் பயன்படுத்துவார்கள். 100 மில்லி அசிட்டோனுக்கு 20 முதல் 25 கிராம். வெளியில் தெரியாத இடமாகப் பார்த்துச் சிறு பட்டையாக ஒரு பூச்சு தடவி, நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் நிறமி மையால் எண்ணை எழுதி, அதுவும் காய்ந்த பின் மேல்பூச்சு. அதே கரைசலையே மேலே தடவினால் கீழ்ப்பூச்சு இளகி எழுத்து கலங்கும். அதனால் மேல்பூச்சுக்கு வெள்ளை ஸ்பிரிட்டில் கரையும் பாரலாய்டு பி-67 நல்லது. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அருகில் நெருப்பு கூடாது.

பிளாஸ்டிக், சாயம் பூசிய பரப்பு, அரக்கு, துருப்பிடித்த இரும்பு, மரம் ஆகியவற்றில் இந்த முறை வேண்டாம். அசிட்டோன் சில பிளாஸ்டிக்குகளையும் மரத்தின் மெருகையும் கரைத்துவிடும். மெருகிடாத மரம் கரைசலை உறிஞ்சிக் கறையாகும். அவற்றுக்கு எண் எழுதிய அட்டையைப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுவதே போதும். துணிக்கு, பருத்தி நாடாத் துண்டில் எண்ணை எழுதி, தையல் மடிப்பின் உட்பக்கம் இரண்டு மூன்று தையல்களில் பிடிக்க வேண்டும். காகிதத்துக்கு மென்மையான 2பி பென்சில், பின்பக்க ஓரத்தில், அழுத்தாமல். புகைப்படத்தின் பின்னால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் மேடு விழும். பிளாஸ்டிக் பூச்சுள்ள பிற்காலப் புகைப்படத் தாளில் பென்சில் பிடிக்காது. உறையில் எழுதிவிட்டு உள்ளே போடுங்கள். ஒட்டுச்சீட்டு, செல்லோடேப், நகப்பூச்சு, வெள்ளைத் திரவம் எதுவும் கூடாது. செல்லோடேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி இழைகளுக்குள் இறங்கிவிடும். பிறகு தேர்ந்த பாதுகாப்பாளர் கையிலும் முழுவதுமாகப் போகாது.

பொருள்கள் வந்துகொண்டே இருக்கின்றன என்கிறீர்கள். கவலைப்பட வேண்டிய செய்தி அது. எதைச் சேர்ப்போம், எதைச் சேர்க்க மாட்டோம் என்று ஒரே பக்கத்தில் எழுதி, குழு ஒப்புதல் பெற்று, வாசலில் தொங்கவிடுங்கள்: எந்த நிலப்பரப்பு, எந்தக் காலம், எந்தெந்தப் பொருள் வகை, ஏற்கெனவே போதுமான அளவு உள்ளவை எவை. ஐந்தாவது தையல் இயந்திரத்தை மறுக்க இந்தக் காகிதம் உதவும். மறுப்பவர் தனி மனிதர் அல்ல, குழுவின் கொள்கை என்று ஆனால் உறவு கெடாது.

யார் எதைக் கொண்டுவந்தாலும் பணியில் இருக்கும் தன்னார்வலர் அந்த இடத்திலேயே ஏற்றுக்கொள்ளக் கூடாது. வரவுப் படிவம் ஒன்றில் பெயர், பொருள், தேதி எழுதி, 'பரிசீலனைக்காகப் பெறப்பட்டது' என்று ரசீது கொடுங்கள். குழு மாதம் ஒருமுறை கூடி முடிவு செய்யட்டும். ஏற்றால் நன்கொடைப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும். அதில் உரிமை முழுவதும் மாறுகிறது, நிபந்தனை இல்லை என்பது தெளிவாக இருக்க வேண்டும். 'எப்போதும் காட்சியில் வைக்க வேண்டும்', 'எங்கள் குடும்பப் பொருள்கள் ஒரே பெட்டியில்தான் இருக்க வேண்டும்' போன்ற நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டால் பின்னால் வருகிறவர்களின் கையைக் கட்டிவிடுகிறீர்கள். 'நிரந்தர இரவல்' என்ற பேச்சையே எடுக்காதீர்கள். இரவல் என்றால் திரும்பும் தேதி வேண்டும். தேதி இல்லாத இரவல் என்பது, நீங்கள் இருபது ஆண்டு காப்பாற்றிய பொருளைப் பேரப்பிள்ளைகள் வந்து கேட்கும் நாளுக்கு இடம் வைப்பதுதான்.

கடிதங்கள், புகைப்படங்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு. காகிதத்தின் உடைமை வேறு, பதிப்புரிமை வேறு. தாள் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்பதால் அச்சிடும் உரிமையும் வந்துவிடாது. பத்திரத்தில் அதற்குத் தனி வரி சேருங்கள்.

பொருள் வரும்போதே கேட்க வேண்டிய கேள்விகள் படிவத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கட்டும்: யார் பயன்படுத்தியது, எந்த இடத்தில், எந்த ஆண்டுகளில், வீட்டில் இதை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், எப்படிப் பயன்படுத்தினார்கள், எது பழுதானது, யார் சரிசெய்தார்கள். பழுது பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒட்டுப்போட்ட இடத்தில்தான் பெரும்பாலும் ஊர்க் கைவினைஞர் ஒருவரின் பெயர் வெளிவரும்.

ஆபத்தான பொருள்களும் வரும். பழைய தோட்டா, குண்டு என்றால் கைவைக்காமல் காவல்துறையை அழையுங்கள். 1950-களின் தொடக்கம் வரை தயாரான 35 மி.மீ. திரைச்சுருளில் நைட்ரேட் வகை உண்டு. எளிதில் தீப்பற்றும், எரியத் தொடங்கினால் தண்ணீராலும் அடங்காது. பாடம் செய்த விலங்குகளில் ஆர்செனிக் இருக்கலாம். இருட்டில் ஒளிரும் பழைய கடிகார முகப்பில் ரேடியம் இருக்கலாம். பழைய வெப்பத்தடுப்புப் பொருள்களில் கல்நார். இவற்றைக் கொண்டுவருகிறவருக்கு அது தெரிந்திருக்காது, ஆகவே வாசலில் நிற்கும் தன்னார்வலருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீக்குவதும் சேர்ப்பதைப் போலவே குழு முடிவாக, எழுத்தில் இருக்க வேண்டும். முதலில் இன்னொரு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப் பாருங்கள். நீக்கும் பொருளை, அதை நீக்கும் அருங்காட்சியகத்தில் பணிசெய்பவர்களோ, நிர்வாகக் குழுவினரோ, அவர்கள் குடும்பத்தாரோ வாங்கக் கூடாது என்பது ஐகாம் என்ற பன்னாட்டு அருங்காட்சியக அமைப்பின் நெறிமுறைகளில் உள்ளது. விற்ற பணம் சேகரிப்புக்கே செலவாக வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஊரின் நம்பிக்கை ஒரே ஒரு தவறான விற்பனையில் போய்விடும், திரும்பி வராது.

பொருள்களைக் காப்பதில் பணத்தைவிடப் பழக்கம்தான் வேலை செய்கிறது. எதையும் தரையிலிருந்து 10 செ.மீ. உயர்த்தி வையுங்கள்; குழாய் உடைந்தால் முதலில் நனைவது கீழ்த்தட்டு. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி போடாமல் சற்று இடைவெளி விட்டால் காற்று ஓடும். சார்பு ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் அதிகம் ஆடாமல் இருப்பது நல்லது. 65-ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும், 75-க்கு மேல் சில நாள்களிலேயே படரும். குளிர்சாதனத்தைப் பகலில் ஓடவிட்டு இரவில் நிறுத்துவது, அது இல்லாததைவிட மோசமாகலாம்: ஈரப்பதம் தினமும் ஏறி இறங்க, மரம் வெடிக்கும், பூச்சு உரியும். ஈரமான பருவத்தில் மின்விசிறியால் காற்றை அசைய வைப்பதே பூஞ்சைக்குப் பாதி மருந்து.

ஈரப்பதமானியை நம்பும் முன் சோதியுங்கள். ஒரு மூடியில் சமையல் உப்பை எடுத்து, குழைவாகும் அளவுக்கு மட்டும் சில துளி நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் மூடி, ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மானி 5 குறைத்துக் காட்டுகிறது என்று அதன் முதுகிலேயே எழுதி வையுங்கள்.

ஒளி செய்யும் கேடு திரும்பாது, கூடிக்கொண்டே போவது. துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியம், மரத்துக்கு 200 லக்ஸ் என்பது வழக்கமான வரம்பு. அதோடு நேரமும் கணக்கு. சர்வதேச ஒளி ஆணையம் எளிதில் மங்குபவற்றுக்கு ஆண்டுக்கு 15,000 லக்ஸ் மணி என்று வைக்கிறது. 50 லக்ஸில் அது 300 மணி நேரம். நாளுக்கு 8 மணி என்றால் 37 நாளில் தீர்ந்துவிடும். சாயத்துணியையும் பழைய கடிதத்தையும் ஆண்டு முழுக்கக் காட்சியில் வைக்க முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். புகைப்படம், கடிதம் என்றால் நல்ல நகலைக் காட்சியில் வைத்து, 'நகல்' என்று எழுதி, மூலத்தை இருட்டில் வையுங்கள். காட்சி அறை ஜன்னலுக்குத் திரை போடுவது நீங்கள் செய்யக்கூடிய மிக மலிவான பாதுகாப்பு.

பூச்சிகள் விஷயத்தில் கண்காணிப்புதான் முதல் வேலை. ஒட்டும் பொறிகளைச் சுவர் ஓரமாக, கதவருகே வைத்து, எண் போட்டு, மாதம் ஒருமுறை எண்ணி எழுதுங்கள். ராமபாணப் பூச்சி திடீரெனப் பெருகினால் அந்த மூலையில் ஈரம் இருக்கிறது என்று பொருள். மருந்து அடிப்பதைவிட ஒழுகலைத் தேடுங்கள். மரச்சாமானுக்குக் கீழே புதிதாக மாவு போன்ற தூள் விழுந்திருந்தால் உளுவண்டு உயிரோடு இருக்கிறது. புதிதாக வரும் எதையும் நேராகச் சேமிப்பறைக்குக் கொண்டுபோகாமல், பொருளுக்கு மேல் ஈரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒளி ஊடுருவும் பையில் மூடி இரண்டு வாரம் தனியே வையுங்கள். பூச்சி இருந்தால் பையின் அடியில் தூளும் கழிவும் தெரியும். துணி, காகிதம், சிறு மரப்பொருள் என்றால் காற்றை வெளியேற்றிய பாலித்தீன் பையில் நன்றாக மூடி, மைனஸ் 18 அல்லது 20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் உறைவிப்பானில் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. 24 மணி நேரம் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த பொருளின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். கண்ணாடி, வண்ண ஓவியம், தந்தம், கண்ணாடித் தகட்டுப் புகைப்படம் ஆகியவற்றை உறைய வைக்காதீர்கள். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், அங்கே மணிக்கணக்கில் உட்காரும் மனிதருக்கும் கெடுதல்.

சிறிய அருங்காட்சியகங்களில் நல்லெண்ணம் செய்யும் சேதமும் பெரிது. பித்தளையைப் பளபளப்பாகத் தேய்க்கிறோம் என்று தேய்த்து, அதில் இருந்த பெயர்ப்பொறிப்பே மறைந்துவிடும். கடிதத்தை லேமினேட் செய்தால் அது வெப்பமும் பசையும் சேர்ந்த சமாதி, திரும்ப எடுக்க முடியாது. குண்டூசி, ஸ்டேப்பிள், ரப்பர் பேண்டு மூன்றும் காகிதத்தில் துருவையும் பிசுக்கையும் விட்டுப்போகும். வந்த அன்றே மெதுவாக எடுத்துவிடுங்கள். பி.வி.சி. உறையுள்ள ஆல்பத்தில் புகைப்படம் ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரோப்பிலீன், பாலியெஸ்டர் உறைகள் பாதுகாப்பானவை. உலோகத்துக்கும் புகைப்படத்துக்கும் நைட்ரில் கையுறை அணியுங்கள். காகிதத்துக்கும் புத்தகத்துக்கும் கழுவித் துடைத்த வெறுங்கை நல்லது; கையுறையோடு பக்கம் திருப்பினால் தொடு உணர்ச்சி குறைந்து கிழியும்.

இந்த அடித்தளம் இருந்தால் கணினிமயமாக்கல் எளிது. கோப்பின் பெயர் சேர்க்கை எண்ணாகவே இருக்கட்டும். புகைப்படத்தை 600 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 படப்புள்ளிகள்), ஆவணத்தை 400 பிபிஐ அளவில் டிஃப் வடிவில் சேமியுங்கள். 4×6 அங்குல வண்ணப்படம் 600 பிபிஐ-ல் 26 எம்.பி. வரும், ஆயிரம் படத்துக்கு 26 ஜி.பி. பகிர்வதற்கு ஜேபெக் நகலை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு கட்டடத்தில். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்காத பிரதி கணக்கில் வராது.

குடும்பங்கள் பழைய படங்களைக் கொடுக்கத் தயங்குவார்கள், கொடுக்கவும் வேண்டியதில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை, 'படத்தைக் கொண்டுவாருங்கள், உங்கள் கண்முன்னே நகலெடுத்துக் கையில் திருப்பித் தருகிறோம்' என்று அறிவித்தால், நன்கொடையாக வருவதைவிடப் பல மடங்கு வரும். அவரவர் உட்கார்ந்திருக்கும்போதே, அச்சிட்ட நகலில் ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டு யார் யார் என்று எழுதி வாங்குங்கள். அனுமதிப் படிவத்தில் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று அவர்களே குறிக்கட்டும்.

முதியவர்களின் குரலைப் பதியும்போது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் வடிவம். ஒற்றை ஒலித்தடத்தில் ஒரு மணி நேரம் சுமார் 520 எம்.பி. வரும். மின்விசிறியையும் குளிர்ப்பெட்டியையும் நிறுத்திவிட்டுப் பதியுங்கள். அந்த இரைச்சலைப் பின்னால் நீக்கினால் குரலும் தேய்கிறது. ஆரம்பத்தில் பேசுபவர் பெயர், இடம், தேதி மூன்றையும் பதிவிலேயே சொல்லுங்கள். 'ஆமாம்', 'இல்லை' என்று முடியும் கேள்விகளைத் தவிர்த்து, 'ஒரு வேலைநாள் காலை எப்படித் தொடங்கும்' என்று கேட்டால் விவரம் பெருகும். முழு எழுத்தாக்கம் பதிவின் நேரத்தைப்போல ஆறேழு மடங்கு பிடிக்கும். ஆள் இல்லையென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி வீதம் நேரக்குறிப்போடு சுருக்கம் எழுதினாலே போதும், தேட முடியும்.

தன்னார்வலர்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த வகை அருங்காட்சியகம் மூடப்படும்போது காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. எல்லாம் தெரிந்த ஒருவரைச் சுற்றி மற்றவர்கள் உதவியாளர்களாக இருப்பது முதல் சில ஆண்டுகளுக்கு மிக நன்றாக ஓடும், அதுவே பிற்பாடு கழுத்தை நெரிக்கும். ஒவ்வொரு வேலையும் இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாவி, கடவுச்சொல், வங்கி, பதிவேடு நான்குக்கும் இரண்டாவது ஆள் யார் என்று இன்றே பெயர் எழுதுங்கள். திறப்பது, விளக்குகள், எச்சரிக்கை மணி, மூடுவது ஆகியவற்றை ஒரு தாளில் படிப்படியாக எழுதி, இதுவரை அதைச் செய்யாத ஒருவரைவிட்டு அதைப் படித்தே செய்யச் சொல்லிச் சரிபாருங்கள்.

முறை ஒன்றுக்கு எப்போதும் இருவர். பாதுகாப்புக்கும் அதுதான் சரி, தனியே உட்காருகிறவர் சலித்து நின்றுவிடுவதைத் தடுக்கவும் அதுதான் சரி. வாரம் ஆறு நாள் என்று அறிவித்துப் பாதி நாள் பூட்டிக் கிடப்பதைவிட, சனிக்கிழமை மூன்று மணி நேரம் தவறாமல் திறப்பது மேல். பூட்டைப் பார்த்துத் திரும்பியவர் இரண்டாம் முறை வருவது அரிது. புதிதாகச் சேர்பவரிடம் 'என்ன உதவி வேண்டுமானாலும் செய்யுங்கள்' என்று சொல்லாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் முடியும் வேலைகளை அட்டைகளில் எழுதி வையுங்கள்: '40 புகைப்படத்தை உறை மாற்று', 'மூன்றாம் அலமாரியின் இடப்பட்டியலைச் சரிபார்'. முடித்த நிறைவோடு வீட்டுக்குப் போகிறவர் அடுத்த வாரமும் வருவார். வந்துபோகும் செலவைக் கேட்காமலே கொடுங்கள். இல்லாவிட்டால் வசதி உள்ளவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள், அருங்காட்சியகமும் அவர்களுடைய ஊரை மட்டும் காட்டும்.

அதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஐகாம் 2022 ஆகஸ்டில் பிராகில் ஏற்ற வரையறையில், அருங்காட்சியகம் என்பது சமூகத்துக்குச் சேவை செய்யும் நிரந்தர அமைப்பு என்றும், சமூகங்களின் பங்கேற்போடு இயங்குவது என்றும் இருக்கிறது. பதிவேடு நிரம்பியதும் நன்கொடையாளர் பட்டியலை எடுத்து ஊர் வரைபடத்தின் மேல் புள்ளி வையுங்கள். எந்தத் தெருவில் ஒரு புள்ளியும் இல்லை? எந்தத் தொழிலின் கருவி ஒன்றுகூட இல்லை? பெண்கள் செய்த வேலை எங்கே? பிழைக்க வந்து தங்கியவர்கள் எங்கே? சொத்து இருந்தவர்களிடம் பொருள் மிஞ்சும், உழைத்தவர்களிடம் பெரும்பாலும் நினைவுதான் மிஞ்சும். அங்கே போய்ப் பொருள் கேட்காமல் குரலைப் பதியுங்கள். இன்றைய பொருள்களையும் சேருங்கள். மூடப்படும் ஆலையின் வருகைப் பதிவு அட்டை இன்று குப்பையில் கிடைக்கும், பத்தாண்டு கழித்து எங்கும் கிடைக்காது.

பள்ளிக்குழந்தைகள் தொட்டுப் பார்க்கத் தனிப் பெட்டி ஒன்று வேண்டும். அதில் சேர்க்கை எண் பெறாத, உடைந்தால் வருந்தாத இரட்டைப் பொருள்களை மட்டும் போடுங்கள். அந்த ஐந்தாவது தையல் இயந்திரத்துக்கு அதுதான் சரியான இடம்.

இவ்வளவுக்கும் பிறகு காட்சி. எல்லாவற்றையும் காட்டாதீர்கள், பத்தில் ஒரு பங்கு காட்சியில் இருந்தாலே நிறைவாக இருக்கும். விளக்கச்சீட்டு 50 முதல் 70 சொற்கள், எழுத்து 20 புள்ளிக்குக் குறையாமல், கருப்பு எழுத்து வெளிர்நிறப் பின்னணி. சுவரில் மாட்டுபவற்றின் மையம் தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில். 'பழங்கால விளக்கு' என்பது சீட்டு அல்ல, அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. யார் ஏற்றினார்கள், எதற்காக என்று முதல் வாக்கியத்திலேயே வர வேண்டும். ஒரு சிறு மூலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்; ஊர்க்காரர்கள் மறுபடி வருவது அதற்காகத்தான். அந்த மூலையில், 'இதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்' என்று பென்சிலும் அட்டையும் வைத்தால், பதிவேட்டின் காலியான கட்டங்கள் நிரம்பத் தொடங்கும்.

அவசரத்துக்கு வாசல் அருகே ஒரு பெட்டி: பிளாஸ்டிக் விரிப்பு, உறிஞ்சும் தாள், கையுறை, டார்ச், பென்சில், தொலைபேசிப் பட்டியல், முதலில் காப்பாற்ற வேண்டிய பத்துப் பொருள்களின் இடம் குறித்த தாள். அந்தத் தாள் உறையிலிட்டு ஒட்டியிருக்கட்டும், திருடனுக்கும் அது வழிகாட்டிதான். பத்தில் முதல் இடம் பதிவேட்டுக்கு. நனைந்த காகிதத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தொடங்கிவிடும். அதற்குள் உலர்த்த முடியாத அளவு இருந்தால், பைகளில் போட்டு உறைய வைத்துவிட்டுப் பிறகு சிறிது சிறிதாக எடுத்து உலர்த்தலாம்.

கடைசியாக, உங்கள் அமைப்பின் விதிகளில் ஒரு பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள்: அமைப்பு கலைந்தால் சேகரிப்பு எங்கே போகும்? பொது நூலகமோ, ஆவணக்காப்பகமோ, பக்கத்து அருங்காட்சியகமோ, பெயர் குறித்து, அவர்களுடைய எழுத்து ஒப்புதலையும் வாங்கிப் பதிவேட்டின் முதல் பக்கத்தோடு இணைத்து வையுங்கள். தயங்கும் நன்கொடையாளர்கள் பலர் மனத்தில் வைத்துக்கொண்டு கேட்காமல் போகும் கேள்வியும் இதுதான்.